ஒரு விரல் ரப்பர்

ஷட்டரை முழுதாகத் தூக்கும் முன்பே, இடுப்பளவு திறந்த இடைவெளியில் குனிந்து உள்ளே நுழைந்து, மேல்தட்டில் நிற்கும் நான்கு டயர்களையும் ஆளுக்குக் கால் சுற்று திருப்பி வைக்கிறார் அறுபத்தஞ்சு. ஒரே நிலையில் நின்றால் டயரின் அடி சப்பையாகிவிடும் என்பது அவர் சொல்லும் காரணம். மாதத்துக்கு ஒரு தடவை திருப்பினால் போதும் என்பதும் அவர் சொல்வதுதான். ஆனாலும் தினம் திருப்புகிறார். கடையில் இருக்கும் மற்ற டயர்களுக்கு இந்த உபசாரம் கிடையாது. அவை விற்றுப் போகிறவை.

அறுபத்தஞ்சு என்பது அவர் வயதல்ல. டயரின் பக்கவாட்டில் மூன்று எண்கள் இருக்கும். முதல் எண் அகலம். கடைசி எண் ரிம்மின் அளவு. நடு எண்தான் உயரக் கணக்கு. ரிம்முக்கும் ரோட்டுக்கும் நடுவே எவ்வளவு ரப்பர் நிற்கிறது என்பதைச் சொல்வது. யார் வந்து எந்த வண்டிக்குக் கேட்டாலும், "அறுபத்தஞ்சு போடு, ரிம்மைத் திரும்பியே பார்க்க வேண்டாம்" என்று சொல்லிச் சொல்லியே அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. வீட்டில் வைத்த பெயரைச் சொல்லி விசாரித்தால் பக்கத்துக் கடைக்காரரே முழிப்பார்.

ஆள் முகத்தைப் பார்த்துப் பேசும் பழக்கம் அவரிடம் இல்லை. வண்டி வந்து நின்றால் கண் நேராகச் சக்கரத்துக்குப் போகும். குனிந்து, கட்டைவிரலால் டயரின் பக்கத்தை அழுத்தி, எண்ணைப் படித்த பிறகுதான் நிமிர்வார். மாடியிலிருந்து மனைவி "யாரு வந்தா?" என்று கேட்டால், "நூத்தி எழுபத்தஞ்சு, முன்பக்கம் வலது ஓரம் தேய்ஞ்சவன்" என்பார். விசேஷ வீட்டுக்குப் போனால் வாசலில் நிற்கும் வண்டிகளை ஒரு நோட்டம் விட்டே உள்ளே யார் யார் இருக்கிறார்கள் என்று சொல்லிவிடுவார். சொன்னது தப்பியதில்லை.

தப்பாது. ஒரு தொட்டித் தண்ணீரும் ஒரு கைப்பம்புமாக ரோட்டோரம் பஞ்சர் ஒட்ட உட்கார்ந்தவர், இன்று இரண்டு ஷட்டர் கடைக்கும் அதற்கு மேலுள்ள வீட்டுக்கும் சொந்தக்காரர். "ஏழாங்கிளாஸோட பள்ளிக்கூடம் என்னைக் கை கழுவிடுச்சு. கணக்கு கை கழுவல. எவன் கையையும் பிடிச்சு நான் மேல வரல, இந்தக் கைதான் என்னைத் தூக்கி விட்டுச்சு" என்று உள்ளங்கையை விரித்துக் காட்டுவார். காட்டட்டும். பாடுபட்டு வந்தவன் பெருமை பேசாமல் வேறு யார் பேசுவது? சும்மா கிடைத்தவனா?

கடைக்கு எதிரே ஓடும் தெருவைத் தெரு என்று சொல்வதே ஒரு மரியாதைக்குத்தான். முக்கில் திரும்பியதிலிருந்து கடை வாசல் வரை பள்ளங்கள். அதிலும் கடைக்கு நேர் எதிரே இருப்பது பள்ளங்களுக்கெல்லாம் பெரியண்ணன். "என் கடைக்கு எதுக்குப் போர்டு? அதான் வாசல்லயே வெட்டி வச்சிருக்கே" என்று அதைக் காட்டிச் சிரித்த காலம் உண்டு. ராத்திரியில் அவரே மண்வெட்டியோடு வந்து ஆழப்படுத்துகிறார் என்று டீக்கடையில் கிண்டல் செய்வார்கள். இப்போது நிலைமை தலைகீழ். எங்காவது செங்கல் உடைசல் கிடந்தால் கூடையில் அள்ளி வந்து அந்தப் பள்ளத்தில் கொட்டி, காலால் மிதித்துக் கெட்டிப்படுத்துகிறார். அடுத்த மழை அதை அரித்துக்கொண்டு போகிறது. மறுபடியும் கூடை.

"சோத்துல மண்ணைப் போட்டுக்கிற ஆளை இப்பதான் பார்க்கிறேன்" என்கிறாள் மனைவி. கடையில் சக்கரத்தைச் சுழலவிட்டு ஈயக்கட்டி ஒட்டிச் சமன் செய்யும் மெஷின் அவள் பொறுப்பு. அந்த மெஷினையும் அவள் வாயையும் நிறுத்த அவருக்குத் தெரியாது.

வாடிக்கையாளரிடம் அவர் கேட்கும் முதல் கேள்வி விலையைப் பற்றியதல்ல. அன்று ஒரு போட்டோக்காரன் வந்தான். தன் காருக்குப் பெரிய ரிம்மும் நடு எண் நாற்பது போட்ட மெல்லிய டயரும் வேண்டுமாம், படத்தில் எடுப்பாகத் தெரியுமாம்.

"எந்தத் தெருவுல குடியிருக்கே?"

"அண்ணே, நான் டயர் வாங்க வந்தேனா, பொண்ணு பார்க்க வந்தேனா?"

"ரெண்டுக்கும் முதல்ல விலாசம்தான் கேப்பாங்க. சொல்லு."

சொன்னான். அவர் கண்ணை மூடிக்கொண்டார். அந்தத் தெருவின் மேடு பள்ளமெல்லாம் இமைக்குள் ஓடின. "நடுவுல இருக்கிற நாப்பதைப் பார்த்து நாப்பது மில்லி ரப்பர்னு நினைக்காதே. அகலத்துல நூத்துக்கு நாப்பது. அகலம் குறைஞ்சா அதுவும் சேர்ந்து குறையும். பள்ளத்து விளிம்புல ஏறினா ரப்பர் நசுங்கி ரிம்மு போய் கல்லுல உக்காரும். எடுப்பா இருக்கணுமா? சரி, இரு. ரிம்மை ஒரு சைஸ் குறை. ரப்பரை ஏத்து. மொத்த உயரம் கம்பெனி கொடுத்ததுதான் வரணும், இல்லாட்டி வேகம் காட்டுற முள்ளு பொய் சொல்லும்."

போட்டோக்காரன் அண்ணாந்து மேல்தட்டைப் பார்த்தான். "அதோ நாலு நாப்பத்தஞ்சு நிக்குதே. அதைக் கொடுங்களேன்."

"அது விக்கிறதுக்கில்ல."

"அது நிச்சயமான டயரு தம்பி" என்றாள் மனைவி, மெஷினிலிருந்து தலையைத் தூக்காமல். "மாப்பிள்ளை வண்டிதான் இன்னும் வந்து சேரல."

அவர் சிரிக்கவில்லை. டயருக்குப் பிறந்த வாரமும் வருடமும் உண்டு. பக்கத்திலேயே முத்திரை குத்தியிருக்கும். சும்மா நின்றாலும் ரப்பருக்கு வயதாகிக்கொண்டுதான் இருக்கும் என்று ஊருக்கெல்லாம் பாடம் எடுப்பவர், அந்த நான்கின் முத்திரையை மட்டும் சுவர்ப் பக்கமாகத் திருப்பி வைத்திருக்கிறார்.

அவை அவருடைய தங்கையின் காருக்கானவை. அப்பா போன பிறகு அவர் கையில் வளர்ந்தவள். பஞ்சர் தொட்டி ஓரத்தில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதி, படித்து, வேலைக்குப் போய், மலைக்கு அந்தப் பக்கத்து ஊரில் குடியிருக்கிறாள். கடைக்கு வருகிற எவரும் "என் தங்கச்சி கையெழுத்துப் போட்டாதான் அங்க ஒரு ஆபீஸே நகரும்" என்பதைக் கேட்காமல் திரும்ப முடியாது. போன மழைக்காலத்துக்கு முன்பு அவள் சொந்தமாகக் கார் வாங்கினாள். ஆசைப்பட்டுப் பளபளப்பான பதினேழு அங்குல ரிம் மாட்டினாள். மாட்டிய கையோடு, முதலில் அண்ணனிடம் காட்ட வேண்டுமென்று மலையேறி இறங்கி வந்தாள். ஹாரன் அடித்துக்கொண்டே வாசல் வரை வந்தவள், பெரியண்ணன் பள்ளத்தில் இறங்கினாள்.

சத்தம் டீக்கடை வரை கேட்டது. ரிம்மின் விளிம்பு வளைந்து, டயர் பக்கவாட்டில் வாயைப் பிளந்திருந்தது. அறுபத்தஞ்சு ஓடிப் போனார். போனவர் வழக்கப்படி குனிந்து எண்ணைத்தான் படித்தார், எல்லாருக்கும் கேட்கும்படி.

"இருநூத்தஞ்சு, நாப்பது, பதினேழு! இது டயரா, வளையலா? இந்தத் தெருவுக்கு வளையல் போட்டுட்டு வந்திருக்கா பாருங்கய்யா, அறுபத்தஞ்சோட தங்கச்சி!"

டீக்கடையே சிரித்தது. அவளும் சிரித்தாள். ரிம்மைத் தட்டி நிமிர்த்தி, அளவுக்குப் பொருந்துகிற பழைய டயர் ஒன்றை மாட்டிக்கொடுக்கும் வரை வண்டியின் நிழலிலேயே நின்றாள். அண்ணி மாடிக்குக் கூப்பிட்டும் ஏறவில்லை. "இன்னொரு நாள் அண்ணி" என்று கிளம்பியவள், அப்புறம் அந்தத் தெருவுக்கு வரவேயில்லை. எப்போது கேட்டாலும், "ரோடு சரியில்லையே" என்ற ஒரே பதில்.

ரோடுதானே, சரி என்று அவர் கணக்கில் இறங்கினார். அவள் வண்டியில் இருக்கிற டயரில் ரப்பர் உயரம் எண்பத்திரண்டு மில்லி. ரிம்மை மாற்று என்றால் மாற்றமாட்டாள், அது அவள் ஆசை. ரிம்மைத் தொடாமல் ரப்பரை மட்டும் உயர்த்த வேண்டும். ஐம்பது போட்டால் உயரம் மிஞ்சி, ஸ்டியரிங்கை ஒடிக்கும்போது உரசும். இருநூற்றுப் பதினைந்து, நாற்பத்தைந்து, பதினேழு. அதில் தொண்ணூற்றேழு வரும், மொத்த உயரமும் கம்பெனி கொடுத்ததை ஒட்டியே நிற்கும். ரிம்மின் விளிம்பை மூடிக் காக்கிற ரப்பர் உதடு வைத்த டயராகவும் கிடைத்தது. கூடுதலாகக் கிடைப்பது பதினைந்து மில்லி. அவருடைய சுண்டுவிரல் அகலம். அந்த அகலத்துக்குள் தங்கை திரும்பி வரும் வழி இருப்பதாக அவர் முடிவு கட்டிவிட்டார். வாழ்நாளில் முதல் தடவையாக நாற்பத்தைந்துக்கு ஆர்டர் கொடுத்தபோது, மொத்த வியாபாரி போனிலேயே, "யாருக்குண்ணே, உங்களுக்கா? உடம்புக்கு ஒண்ணுமில்லையே?" என்றான்.

டயர் வந்தது. வண்டிதான் வரவில்லை.

"டயரை மாத்துறது இருக்கட்டும், முதல்ல நாக்கை மாத்துங்க" என்றாள் மனைவி. வாரா வாரம் தங்கை அண்ணியோடுதான் போனில் பேசுவாள். அவர் பக்கத்தில் நின்று, கையில் ஒரு ஸ்பேனரை வைத்துத் துடைத்துக்கொண்டே இருப்பார். அது எப்போதோ சுத்தமாகியிருக்கும். போன வாரம் அவர் திடீரென்று கை நீட்டிப் போனை வாங்கிவிட்டார். தெரிந்ததைத்தான் கேட்டார்.

"பாப்பா, உன் டயரு என்ன சைஸு?"

"நாப்பதுண்ணே. நீங்கதான் அன்னிக்கு ஊரைக் கூட்டிப் படிச்சுக் காட்டினீங்களே."

ஸ்பேனர் கீழே விழுந்தது. அவள் வராததற்குக் காரணம் ரோடு இல்லை, ரப்பரும் இல்லை என்று அப்போதுதான் அவருக்கு முழுசாக உறைத்தது. 'நான் சொன்னது உன் நல்லதுக்குத்தான்' என்ற வார்த்தை தொண்டை வரை வந்தது. அதை விழுங்கிவிட்டு, "முக்கு வரைக்கும் வா. வந்து போன் பண்ணு. அங்கிருந்து நான் கூட்டிட்டு வர்றேன்" என்றார். "ஞாயித்துக்கிழமை பார்க்கலாம்ணே" என்று அவள் போனை வைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை விடிந்தபோது மழை ஊற்றி ஓய்ந்திருந்தது. தெரு முழுக்க ஒரே தண்ணீர். பள்ளம் எது, ரோடு எது என்று தெரியாமல் கண்ணாடிபோல் கிடந்தது. கொட்டி வைத்த செங்கல் உடைசலெல்லாம் போயே போய்விட்டது. அவர் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு ஷட்டரருகே நின்றிருந்தார். போன் அடித்தது.

"அண்ணே, முக்குல நிக்கிறேன். எது எங்கன்னே தெரியலையே."

"எனக்குத் தெரியும். அங்கயே இரு."

செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு நடந்தார். முக்கிலிருந்து வண்டிக்கு முன்னால் நடந்து, தண்ணீருக்கடியில் இருக்கிற ஒவ்வொரு பள்ளத்தையும் கையாலேயே காட்டி ஒதுக்கிக்கொண்டு வந்தார். வண்டி அவர் கையைப் பார்த்துப் பார்த்து மெதுவாக வந்தது. டீக்கடையில் அன்று சிரித்தவர்களில் ஒருவன் கிளாஸோடு வெளியே வந்தான்.

"என்னண்ணே, வளையல் வருதா?"

"தள்ளி நில்லுடா. என் தங்கச்சி வர்றா."

கடை வாசலுக்கு வந்ததும் அவர் பெரியண்ணன் பள்ளத்துக்குள் தானே இறங்கினார். தண்ணீர் முழங்காலைத் தொட்டது. இந்த இடம்தான், இதை விட்டு ஒதுங்கி வா என்பதுபோல் ஒரு கையை நீட்டிக்கொண்டு நடுவில் நின்றார். வண்டி ஒதுங்கி, அவர் காலை ஒட்டினாற்போல் உருண்டு வந்தது. அவர் குனிந்து சக்கரத்தைப் பார்க்கவில்லை. வைப்பர் துடைத்த கண்ணாடி வழியே உள்ளே இருந்த முகத்தைப் பார்த்தபடி, நீட்டிய கையை மடக்காமல் நின்றார்.