476-உம் பெரியப்பாவின் வயிறும்

உண்மையைச் சொன்னால் பிரச்சினை தீரும் என்று நம்பி நான் வாயைத் திறந்த நாளில்தான் எங்கள் சாக்லேட் யூனிட்டுக்குப் பூட்டுப் போடும் நிலை வந்தது.

யூனிட் திருவண்ணாமலையில், செங்கம் ரோட்டில். முதலாளி ரஹீம் பாய். புரொடக்ஷன், குவாலிட்டி, வாடிக்கையாளரிடம் திட்டு வாங்குவது மூன்றும் என் பொறுப்பு. கீழ்பென்னாத்தூர் வேர்க்கடலை வியாபாரி கதிர்வேலு, மகள் ரிசப்ஷனுக்கு, உருகிய சாக்லேட் நீரூற்று மாதிரி வழியும் ஃபவுண்டன் கேட்டிருந்தார். ரிசப்ஷன் அன்று காலையில் போனை நீட்டிக்கொண்டு வந்து நின்றார்.

"ஏம்மா, உங்க கவர்ல எமல்சிஃபையர் 476-னு போட்டிருக்குதே, அது பன்னிக் கொழுப்பாமே? வாட்ஸ்அப்ல வந்திருக்குது."

பாய் நாற்காலியிலிருந்து துள்ளி எழுந்தார். "என்னாங்க சொல்றீங்க! அப்படி இருந்தா மொதல்ல நானே கடைய இழுத்து மூடிடுவேனே!"

புதிதாக இந்தத் தொழிலுக்கு வருகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. உருகிய சாக்லேட்டில் சர்க்கரைத் துகளும் கோகோ துகளும் ஒன்றையொன்று உரசி, நகர மாட்டேன் என்று அடம்பிடிக்கும். எமல்சிஃபையர் போட்டால் வழுக்கிக்கொண்டு ஓடும். சோயா லெசித்தின், அதாவது 322, பாதி வேலையைச் செய்யும். மீதியை 476 செய்யும். அது இல்லாவிட்டால் எங்கள் ஃபவுண்டனில் சாக்லேட் வழியாது, கேழ்வரகுக் கூழ் மாதிரி தொப்தொப்பென்று விழும்.

சப்ளையரின் சர்டிஃபிகேட்டை எடுத்துக் காட்டி, பெருமையாகச் சொன்னேன். "மிருகக் கொழுப்பே இல்லீங்க. விளக்கெண்ணெய்லேர்ந்து செய்றது."

கதிர்வேலுவின் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே! சின்ன வயதில் மூக்கைப் பிடித்து வாயில் ஊற்றியது மொத்தமும் அவருக்கு ஞாபகம் வந்துவிட்டது.

"விளக்கெண்ணெயா? ஆயிரம் பேரு வர்றாங்க. மண்டபத்துல மூணு பாத்ரூம்தான் இருக்குதும்மா!"

"ஐயோ, அது விளக்கெண்ணெயாவே இருக்காதுங்க. கிளிசரின் சேத்து, சூடு பண்ணி, வேற பொருளாவே மாத்திடுவாங்க. களிமண்ணத்தான் செங்கல்லா சுடறோம். சுட்ட பெறகு மழையில கரையுதா? அதுவும் கிலோவுக்கு ரெண்டு மூணு கிராம்தான். அரசாங்கமே அளவு வெச்சு அனுமதிச்சதுங்க."

அவர் அரை மனதோடு தலையாட்டினார். "சரி, பொண்ணு ஆசைப்படுது. ஆனா ஒருத்தருக்கு வயிறு கலக்குச்சுன்னாலும் ஊரு ஃபுல்லா சொல்லிடுவேன், பாய்."

சொன்னால் செய்கிற ஆள். கார்த்திகை தீபத்துக்கு வரும் ஆர்டரெல்லாம் அவ்வளவுதான்.

சாயந்திரம் ஃபவுண்டன் பட்டுத்துணி மாதிரி வழிந்தது. முதல் கப் நான், இரண்டாவது பாய். அப்புறம் கூட்டம் முண்டியடித்தது. எனக்கோ சாக்லேட்டைவிட பாத்ரூம் வாசல் மேல்தான் கண். அதற்குள் கதிர்வேலுவின் அண்ணன், பெண்ணின் பெரியப்பா எத்திராசு, திரும்பத் திரும்ப வந்து கப்பை நீட்டினார். "இன்னும் கொஞ்சம் ஜாஸ்தியா ஊத்தும்மா." நான் கம்மியாக ஊற்றினால் முறைத்தார்.

மறுநாள் காலை கதிர்வேலு போன் செய்தார். "ஒடனே வாங்க மேடம். அண்ணன் உங்க மேல செம கோவத்துல இருக்குறாரு."

பாயும் நானும் ஸ்கூட்டரில் பறந்தோம். வழியெல்லாம் பாய் துவா ஓதினார், நான் அண்ணாமலையாரைக் கூப்பிட்டேன்.

வீடு நிறைய சொந்தக்காரர்கள். நடுவில் பெரியப்பா.

"ஏம்மா, விளக்கெண்ணெய்னு சொன்னியாமே? நாலு நாளா போகாம கஷ்டப்படறேன். உன்ன நம்பி எட்டு கப்பு சாப்ட்டேன். ஒண்ணுமே ஆவல! ஏமாத்திட்டியே!"

வீடே வெடித்துச் சிரித்தது. கதிர்வேலு சிரித்த சிரிப்பில் அவருக்குப் புரையேறிவிட்டது. எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. பாய் ஓடிப்போய் ஒரு சீப்பு வாழைப்பழம் வாங்கிவந்து பெரியப்பா கையில் கொடுத்தார்.

அன்று கற்றது இதுதான். ஒரு பொருள் எதிலிருந்து வந்தது என்று சொன்னால் பாதி பதில். அது என்னவாக மாறியது என்பதைச் சேர்த்தே சொல்லுங்கள், கேட்பவர் பாத்ரூமை எண்ணத் தொடங்குவதற்கு முன்பே.

அடுத்த நாள் கதிர்வேலு மறுபடி கூப்பிட்டார். "மேடம், வாழப்பழம் வேலை செஞ்சிடுச்சாம். உங்க சாக்லேட்டுதான் எட்டு கப்பு சாப்ட்டும் வயித்த ஒண்ணுமே பண்ணல, சுத்த வேஸ்ட்டுன்னு அண்ணன் ஊரு ஃபுல்லா சொல்லிக்கினு இருக்குறாரு."

அந்தத் தீபத்துக்குக் குவிந்த ஆர்டரை எங்களால் சமாளிக்க முடியவில்லை.