நான்கு நிமிடம் போய்வந்தவர்

எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்து வீடுகளில் ஒருமுறை இறந்து திரும்பியவர் சின்னக்கருப்பன் மாமா ஒருவர்தான். போன மார்ச் மாதம் தேயிலைச் சரிவில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தார். ஆஸ்பத்திரியில் இதயம் நின்றுபோய், நான்கு நிமிடம் கழித்து மறுபடி துடித்தது. டாக்டர் மலாயில் சொன்னதை மாமாவின் மனைவிக்குத் தமிழில் எடுத்துச் சொன்னவன் நான்தான். மறுநாளே தோட்டம் முழுவதும் அதே பேச்சு.

மாமா வீடு வந்ததும் கூட்டம் கூடிவிட்டது. எமன் எருமையில்தான் வந்தானா என்று சிலர் கேட்டார்கள். பிரிஞ்சாங் டவுனில் சாப்பாட்டுக்கடை வைத்திருக்கும் ஹாஜா மைதீன் பாய், சூப் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, அந்தப் பக்கம் எப்படி இருக்கிறது என்று மெதுவாக விசாரித்தார். பூசாரி வேலப்பன் விடாமல் கேட்கவே, மாமா போனால் போகிறதென்று, ஏதோ வெளிச்சம் தெரிந்தது என்று சொல்லிவைத்தார். சாயங்காலத்துக்குள் அது தங்கக் கதவாகிவிட்டது.

மாரியம்மா அத்தை வந்து, இறந்துபோன தன் கணவரைப் பற்றிக் கேட்டுவிடுவாரோ என்பதுதான் மாமாவின் பயம். கொழுந்து வெட்டும் மிஷினை இரண்டு பேர் ஆளுக்கொரு முனையில் பிடித்து நடக்க வேண்டும். பதினோரு வருடம் மாமாவுக்கு எதிர்முனையில் நடந்தவர் அத்தையின் கணவர் ரெங்கசாமி. அவர் போய் இரண்டு வருடம் ஆகிறது. அந்த மனிதர் விஷயத்தில் பொய் சொல்ல மாமாவுக்கு வாய் வராது.

ரெங்கசாமியின் திவசத்துக்கு முதல் நாள் அத்தை வந்தார். நாளைக்குப் படையல் போட வேண்டும், அதற்கு முன் ஒன்று தெரிய வேண்டும் என்றார்.

"அண்ணே, அங்க அவர பாத்தீங்களா?"

மாமா தலையைக் குனிந்துகொண்டார். "இல்லம்மா. வெளிச்சமும் இல்ல, யாரும் இல்ல. பூசாரிகிட்ட சொன்னது பொய்."



"எத்தன நிமிசம் போனீங்க?"

"நாலு."

"நாலா? லீவு நாள்ல கியா பார்ம் ரோட்டு ஜாம்ல நாலு நிமிசத்துல ஒரு லோரி நகராது லா. நீங்க பாதி வழிகூட போயிருக்க மாட்டீங்க. அவரு ரெண்டு வருசம் முன்னாலயே கெளம்புன ஆளு."

மாமா சிரித்தார். நெஞ்சு வலிக்க வலிக்கச் சிரித்தார். அத்தை கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தார்.

"நாளைக்கு வந்துருங்க. அவருக்கு ஆட்டுக்கறி. ஒங்களுக்கு டாக்டர் சொன்ன கஞ்சிதான்."

மறுநாள் ரெங்கசாமியின் படையல் இலைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, மாமா உப்பில்லாத கஞ்சியை இரண்டு கிண்ணம் குடித்தார்.