முன்கோடும் இடது காலும்

என் ஸ்கோர் நோட்டில் மாசி மாதத்து முதல் ஞாயிற்றுக்கிழமைக்கு உரிய பக்கத்தின் கடைசிப் பதிவு இது: "ஏழாவது இன்னிங்ஸ். இருவர் அவுட். மணி 11.42. ஆறாம் பேட்டர் அடித்த பந்து தென்னந்தோப்பில். அவுட். கால் கட்டத்துக்கு வெளியே." கையெழுத்து என்னுடையது. நேரம் சரி. கடைசிச் சொற்களுக்கு மட்டும் என்னால் பொறுப்பேற்க முடியவில்லை.

ஆறாம் பேட்டர் என் கொழுந்தியாள், மனைவியின் தங்கை. உத்தமபாளையத்தில் ஒரு தொடக்கப் பள்ளியில் ஆசிரியை.

எங்கள் பங்குக் கோயில் மைதானத்தில் ஞாயிறு பூசை முடிந்ததும் ஸ்லோபிட்ச் சாஃப்ட்பால் ஆடுவோம். ஆண்களும் பெண்களும் கலந்த அணி. நான் ஆடுவதில்லை, ஸ்கோர் எழுதுகிறேன், விதிப் புத்தகத்தையும் பையில் வைத்திருக்கிறேன். பந்தைக் கையைத் தாழ்த்தி வீசி, தலைக்கு மேலே வளைத்து, மெதுவாகப் போடவேண்டிய ஆட்டம் இது. பந்து இறங்கி வருவதற்குள் ஒரு வாய் தண்ணீர் குடித்துவிடலாம் போலிருக்கும். அந்த நேரத்தில்தான் காலுக்கு இருப்புக் கொள்ளாது. எங்கள் பக்கத்தில் எல்லாக் காலும் கிரிக்கெட்டில் வளர்ந்த கால். இறங்கி அடிக்கத்தான் பார்க்கும்.

மதுரையில் நடக்கவிருந்த போட்டிக்கு எங்கள் அணியில் பெண்களுக்கு இரண்டு இடம். இருந்தவர்கள் மூன்று பேர். அவர்களில் ஒருவருக்கு இடம் உறுதி. இன்னொரு இடத்துக்குக் கொழுந்தியாளும் ஒரு கல்லூரி நூலகரும் போட்டி. திராட்சைத் தோட்டம் வைத்திருக்கும் எங்கள் கேப்டன் கொழுந்தியாளிடம் நேராகவே சொல்லிவிட்டார்: "ஞாயித்துக்கெழம ஒரு அடி காட்டு தங்கச்சி. மத்தியானம் பேரு எழுதிருவேன்."

அணி தொடங்கிய நாளிலிருந்து இருப்பவள் அவள். வெளியூர் ஆட்டம் ஒன்றுக்குக்கூட அவள் பெயர் எழுதப்பட்டதில்லை. அவளுடைய குறை எனக்குத் தெரியும். கால் நகர்ந்தால் அவுட் என்ற பயத்தில் நட்டுவைத்த கல் மாதிரி நிற்பாள். பந்து இடுப்புக்குக் கீழே இறங்கிய பிறகு அடிப்பாள். அது காலடியிலேயே உருளும். ஓர் அடி முன்னே வைத்து அடி என்றேன்.

"காலத் தூக்கி வச்சா அவுட் குடுத்துருவாக மச்சான்."

"பாக்ஸுக்குள்ள எங்கன வேணாலும் வச்சுக்கலாம். நடந்து வந்துகூட அடிக்கலாம்."

"நடந்தேவா? அப்பச் சோத்துப் பையையும் கையோட எடுத்துட்டு வாரேன்."

விதியை வாசித்துக் காட்டினேன். பேட்டர் நிற்கும் பாக்ஸ், அதாவது கட்டம், ஏழடி நீளம், மூன்றடி அகலம். கோடும் கட்டத்தைச் சேர்ந்ததே. மட்டை பந்தில் படும் கணத்தில் ஒரு பாதம் முழுவதும் கோட்டைத் தாண்டித் தரையில் ஊன்றியிருந்தால்தான் அவுட். குதிகால் கோட்டைத் தொட்டுக்கொண்டிருந்தாலும் தப்பில்லை. கால் அந்தரத்தில் இருந்தாலும் தப்பில்லை. கட்டத்துக்குப் பக்கத்தில் தரையில் பதித்திருக்கும் ஹோம் பிளேட் பலகையை மிதித்தபடி மட்டும் அடிக்கக் கூடாது. மூன்று வாரம், மாலை நேரங்களில், என் வீட்டு மொட்டை மாடியில் டேப் பிடித்து அளந்து சாக்பீஸால் கட்டம் போட்டுக் கொடுத்தேன். பந்தை மட்டும் பார் என்று சொல்லித் துணிப்பந்தை நான் வளைத்துப் போட, அவள் இடது காலை முன்னே எடுத்துவைத்து அடித்துப் பழகினாள். மூன்றாம் வாரம் ஒரு பந்து பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தொட்டிக்குள் போய் விழுந்தது. சிரித்தபடி அவளே போய்க் கேட்டு வாங்கிவந்தாள்.

ஞாயிறு ஆட்டம் அல்லிநகரம் அணியோடு. அம்பயர் தேவதானப்பட்டிப் பக்கத்திலிருந்து வந்த ஓய்வுபெற்ற உடற்பயிற்சி ஆசிரியர், பல வருடம் கிரிக்கெட்டுக்கு அம்பயராக நின்றவர். அடியில் ஓட்டை போட்ட பால்பவுடர் டின்னில் சுண்ணாம்புப் பொடியை நிரப்பித் தட்டிக்கொண்டே போவதுதான் எங்கள் ஊரில் கோடு போடும் முறை. மூன்றாவது இன்னிங்ஸுக்குள் பேட்டர்களின் செருப்பும் ஷூவும் அதைத் தின்றுவிட்டன. ஐந்தாவது இன்னிங்ஸில் நானே டின்னை எடுத்துக்கொண்டு போனேன்.

"விடுங்க சார், கோடு எங்கன இருக்குன்னு எனக்குத் தெரியும்" என்றார் அம்பயர்.

மணி 10.55. இதையும் குறித்துவைத்திருக்கிறேன்.

ஏழாவது இன்னிங்ஸில் கொழுந்தியாள் மட்டையோடு வந்தாள். விக்கெட் கீப்பர் மாதிரி பின்னால் உட்கார்ந்திருந்த அல்லிநகரத்துக் கேட்சர், வேன் ஓட்டுகிறவர், அவள் காலைப் பார்த்துவிட்டு, "ஆத்தா, காலு இப்பவே முன்னுக்கு நகருதே, கம்பம் பஸ் ஏறவா?" என்றார். "ஒங்க வேன்லதான் போகலாம்னு இருக்கேன், வழிய விடுங்க" என்றாள். பந்து மேலே எழுந்தது. நான் கடிகாரத்தைப் பார்த்தேன். 11.42 என்று எழுதும்போதே மட்டையின் சத்தம் கேட்டது. நிமிர்ந்தால் பந்து தோப்புக்கு மேலே போய்க்கொண்டிருந்தது. ரன்னுக்காகப் பேஸில் காத்து நின்ற எங்கள் ஆட்கள் இருவரும் கத்திக்கொண்டே ஓடினார்கள்.

அம்பயர் வலது கையின் ஆள்காட்டி விரலைத் தூக்கினார். இந்த ஆட்டத்தில் அவுட்டுக்கு முஷ்டியைக் காட்ட வேண்டும். அவர் கை எந்த ஆட்டத்தில் இருந்தது என்பது அப்போதே தெரிந்துவிட்டது.

புத்தகத்தோடு ஓடினேன்.

"கோட்டுல குதிகால் இருந்துச்சு. கோட்டுல இருந்தா அவுட்டுதான சார்?" என்றார்.

"அது கிரிக்கெட்டு ஸ்டம்பிங். இங்கன கோடும் பாக்ஸுதான். வாசிங்க."

கண்ணாடி போட்டு வாசித்தார். இரண்டு தடவை வாசித்தார். புத்தகத்தை மூடி என் கையில் கொடுத்துவிட்டு, "அப்ப, முழுசா வெளியதான் இருந்துச்சு" என்றார்.

அம்பயர் விதியைத் தப்பாகப் பயன்படுத்தியிருந்தால் மறுப்புத் தெரிவிக்கலாம். கண்ணால் கண்டதைச் சொல்கிறேன் என்றால் அது அம்பயரின் முடிவு, அதற்குமேல் பேச்சில்லை. அரை நிமிடத்தில் தப்பான விதி ஒன்று கண்கண்ட சாட்சியமாகிவிட்டது. பிறகு அவர் கேட்ட கேள்விதான் இன்றுவரை குடைகிறது.

"நீங்க பாத்தீகளா சார்?"

நான் பார்க்கவில்லை. மணி எழுதிக்கொண்டிருந்தேன். அதைச் சொன்னேன். தரையில் கால்தடத்தைப் பார்க்கலாம் என்று குனிந்தால், கேட்சர் பிளேட்டைத் துடைக்கும் பழக்கத்தில் சுற்றியிருந்த புழுதியையெல்லாம் காலால் தள்ளிவிட்டிருந்தார்.

அம்பயர் சொன்னதை எழுதுவது ஸ்கோரரின் கடமை. எழுதினேன். மத்தியானம் கேப்டனிடம் போய் அவளுக்காகப் பேசினேன். அவர் என் நோட்டையே வாங்கிப் பார்த்தார். "தோப்புக்குப் போனத நானும் பாத்தேன் சார். ஆனா நீங்களே அவுட்டுன்னுதான எழுதியிருக்கீக?" பட்டியலில் நூலகரின் பெயர் ஏறியது. அவரும் அன்று நன்றாகத்தான் ஆடினார். அதையும் நானே எழுதியிருந்தேன்.

கொழுந்தியாள் அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்தாள். நோட்டைப் புரட்டிப் பார்த்தாள்.

"மணிய மட்டும் கரெக்டா எழுதிட்டீக மச்சான்."

கால் எங்கே இருந்தது என்று அவளிடமே கேட்டேன். "பந்தப் பாருன்னு சொன்னது நீங்க. பந்தப் பாத்தேன். காலப் பாக்க நீங்க இருக்கீகன்னு நெனச்சேன்" என்றாள்.

அணி மதுரைக்குப் போன வாரம் அவள் பள்ளியில் பாடம் எடுத்துக்கொண்டிருந்தாள். எங்கள் அணிப் பையன் ஒருவன் மூன்றாம் பேஸ் பக்கமிருந்து செல்போனில் எடுத்த வீடியோ பிறகு கிடைத்தது. ஒவ்வொரு நொடியாக நிறுத்திப் பார்த்தேன். அவள் அடிக்கிற கணத்தில் மூன்றாம் பேஸிலிருந்து ஓடக் கிளம்பும் எங்கள் ஆள் குறுக்கே வருகிறார். அவள் முழங்காலுக்குக் கீழே எதுவும் தெரியவில்லை. நோட்டில் அந்த வரியை அடித்துத் திருத்தவில்லை. ஓரத்தில் பென்சிலால் சேர்த்திருக்கிறேன்: மட்டை பந்தில் பட்டபோது இடது குதிகால் முன்கோட்டில் இருந்ததா, அதைத் தாண்டி இருந்ததா என்பது உறுதிசெய்யப்படவில்லை.