பக்கத்து சீட்

ஜமுனாமரத்தூர் கோபால்சாமி காலமெல்லாம் மலைப்பாதையில் ஜீப் ஓட்டியவர். பல வருஷம் முன்பு கோடை விழாவுக்கு யாரோ கொண்டுவந்த, இரண்டே சீட் உள்ள பழைய சிவப்பு ஸ்போர்ட்ஸ் காரைப் பார்த்து, "நாம ரெண்டு பேரும் மட்டும் அதுல போவணும்யா" என்றாள் மனைவி மாதம்மாள். தனக்கென்று எதையும் வாய்விட்டுக் கேட்காதவள்.

"பொண்ணுங்கள கட்டிக் குடுத்துட்டு வாங்கலாம்" என்றார்.

கடைசிப் பெண்ணின் கல்யாணத்துக்கு முன்பே அவள் போய்ச் சேர்ந்தாள்.

இப்போது அதே மாதிரிக் கார் திருப்பத்தூரில் விலைக்கு வந்தது. பாரம் ஏற்றிப் பார்க்காமல் மலைக்காரன் வண்டி வாங்குவானா? பக்கத்து சீட்டில் புளி மூட்டையை வைத்து, பெல்ட்டும் மாட்டி மலையேறினார். எந்தக் கொண்டை ஊசி வளைவிலும் இன்ஜின் திணறவில்லை.

திரும்பி வந்ததும் விற்பவர், "இன்னாங்க, எடுத்துக்கிறீங்களா?" என்றார்.

கோபால்சாமி மூட்டையின் பெல்ட்டை மெல்லக் கழற்றினார்.

"வண்டில ஒரு குத்தமும் இல்லீங்க. வளைவுக்கு வளைவு 'மெதுவாப் போய்யா'ன்னு திட்டத்தான் ஆளு இல்ல."