இடைவேளை வரை சொன்ன படம்

“ஓரத்து சீட்டா பாரும்மா. நடுவுல போட்டுடாத.”

வியாழக்கிழமை சாயங்காலம் அகஸ்டின் ஃபோனில் சொன்னது இதுதான். எல்லா வியாழக்கிழமையும் சொல்வதுதான். கொட்டிவாக்கத்தில் தன் வீட்டுப் பால்கனியில் நின்றபடி ஜொவிட்டா ஆப்பைத் திறந்து, காலியாக இருந்த கட்டங்களில் வலது ஓரத்தில் ஒன்றைத் தொட்டாள்.

“போட்டாச்சு டாடி. ஜே வரிசை, ஓரம்.”

“தூண் மறைக்காதே?”

“மால் தியேட்டர்ல ஏது டாடி தூணு?”

“சரி சரி. பார்த்துட்டு சொல்றேன்.”

“நீளமா வேணாம். பத்துக்கு எத்தனைன்னு மட்டும் சொல்லுங்க.”

“மார்க் போட்டுப் போட்டே ரிட்டயர் ஆனவன் நான். படத்துக்கும் போடணுமா?” என்று சிரித்துவிட்டு வைத்தார்.

வெள்ளி இரவு அவரிடமிருந்து செய்தி வந்தது. ‘ஆறரை. சண்டை ஜாஸ்தி.’ ஞாயிறு காலைப் பூசைக்கு அவர் எழுந்திருக்கவில்லை. தூக்கத்திலேயே போய்விட்டார்.

அகஸ்டின் சாந்தோமில் ஒரு பள்ளிக்கூடத்தில் டிராயிங் மாஸ்டராக இருந்தவர். பானை, வாழைப்பழம், கிளி என்று இரண்டு தலைமுறைப் பிள்ளைகளுக்கு வரையக் கற்றுக்கொடுத்தார். சினிமாப் பைத்தியம். பார்ப்பதைவிட, பார்த்துவிட்டு வந்து பேசுவதில்தான் அவருக்கு ருசி. மனைவி மர்சலின் உயிரோடு இருந்தவரை அதற்கு வீட்டிலேயே ஆள் இருந்தது. இருவரும் சேர்ந்து போவார்கள். படத்தில் யாராவது செத்தால் மர்சலின் அழுவாள். அகஸ்டின் கைக்குட்டையை நீட்டுவார். வீடு திரும்பியதும் அந்தச் சாவு தேவைதானா என்று ராத்திரிச் சாப்பாடு வரை வாதம் நடக்கும். மர்சலின் போன பிறகு, தனியாகப் பார்த்துவிட்டுத் தனியாக வீட்டுக்கு வந்தார். ஒரு மாதம் தாங்கினார். பிறகு கீழ்வீட்டுக் கதவைத் தட்டினார்.

கீழ்வீட்டில் அப்துல் சமத். சிந்தாதிரிப்பேட்டையில் குஷன் கடை வைத்திருந்தவர். அந்தக் காலத்து தியேட்டர்கள் பலவற்றுக்கு அவர் கடையில்தான் சீட்டு தைத்தார்கள். தைத்த சீட்டில் ஓசியில் உட்கார்ந்து பார்த்த படங்களுக்குக் கணக்கில்லை. சர்க்கரை வியாதி கண்ணைத் தின்றுவிட்ட பிறகு டிவியில் படத்தைக் கேட்டுப் பார்த்தார். சரிப்படவில்லை. “எல்லாரும் கத்துறானுங்க. எவன் எவன்னு புரியல. எனக்கு மாஸ்டர் சொன்னாத்தான் படம்” என்று மருமகள் சிம்ராவிடம் சொல்லிவிட்டார்.

அவர்களுக்குள் ஒரு முறை இருந்தது. சனிக்கிழமை டீ வேளையில் இடைவேளை வரை. ஞாயிறு பூசை முடிந்து வந்ததும் மிச்சம். முதலில் சீட்டு எப்படி இருந்தது என்று சொல்லியாக வேண்டும். பிறகுதான் கதை. பாட்டு வந்தால் அகஸ்டின் எழுந்து நின்று கையை ஆட்டிக் காட்டுவார். சமத்துக்குக் கண் தெரியாது என்பது இருவருக்குமே ஞாபகம் இருக்காது.

ஏழாம் நாள் பூசை முடிந்து உறவுக்காரர்கள் போய்விட்டார்கள். ஜொவிட்டா மேல்வீட்டில் தனியாக இருந்தாள். அலமாரியிலிருந்த சட்டைகளை மடித்தாள். ஒவ்வொன்றின் பையிலும் கடலைமிட்டாய்க் காகிதம். தியேட்டர் வாசலில் வெளித்தின்பண்டத்தைப் பிடுங்கிவிடுவார்கள் என்று சட்டைப்பையில் ஒளித்துக்கொண்டு போவார். அவள் வீட்டைப் பூட்டிவிட்டு இறங்கி வந்தபோது சமத் வாசல் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

“ஜொவிம்மா தானே? செருப்பு சத்தம் தெரியுது. ஒரு நிமிசம் நில்லும்மா.”

“சொல்லுங்க மாமா.”

“மாஸ்டர் என்னை இடைவேளையில உட்டுட்டுப் போய்ட்டாரு.”

அவளுக்குப் புரியவில்லை.

“அந்த ஹார்பர் படம்மா. கிரேன் ஓட்டுற பையன். பாதி சொல்லிட்டாரு. மிச்சம் காலையில வந்து சொல்றேன்னாரு.” சமத் சிரிக்கப் பார்த்தார். முடியவில்லை. “அதையே நெனைச்சுகினு உக்காந்துகினு கீறேன். அவுரு இல்லைன்றதும் இதுவும் ஒண்ணா கலந்துபோச்சு.”

ஜொவிட்டா ஃபோனை எடுத்தாள். “நெட்ல முழுக் கதையும் இருக்கும். படிக்கட்டுமா?”

“இத்த சிம்ராவும் கேட்டா. இன்னா, நான் எலெக்சன் ரிசல்ட்டா கேக்குறேன்? பார்த்தவங்க வாயால சொல்லணும்மா.”

அவள் லிஃப்ட் கம்பெனியில் பொறியாளர். லிஃப்ட்டின் பிரேக்கைச் சோதித்து, பிடிக்கிறது, பிடிக்கவில்லை என்று எழுதிக் கொடுப்பது வேலை. கதை சொல்லிப் பழக்கமில்லை. ஆனாலும் மறுநாள் லீவு போட்டாள். படத்தை எல்லாத் தியேட்டரிலும் தூக்கிவிட்டார்கள். அதே மாலில் காலைக் காட்சி ஒன்று மட்டும் மிச்சம். விரல் தானாக ஜே வரிசை ஓரத்துக்குப் போனது.

அரங்கில் நாலைந்து தலைகள். பத்தாவது நிமிடத்தில் கதாநாயகனின் அம்மா ஊரிலிருந்து மகனைப் பார்க்க பஸ் ஏறுகிறாள். மடியில் ஊறுகாய் பாட்டில். பிரேக் பிடிக்காமல் பஸ் கவிழ்கிறது. அம்மா சாகிறாள். அதன் பிறகு படம் முழுக்க மகன் பஸ் கம்பெனிக்காரனின் ஆட்களைத் தேடித் தேடி அடிக்கிறான். இடைவேளையில் அவள் வெளியே போய் நின்றாள். எல்லோரும் யாரோடாவது பேசிக்கொண்டிருந்தார்கள். படம் முடிந்ததும் பத்துக்கு ஐந்து என்று தோன்றியது. அனுப்ப ஆள் இல்லை.

நேரே சமத் வீட்டுக்கு வந்தாள். சிம்ரா டீயும் சமோசாவும் வைத்துவிட்டு உள்ளே போனாள்.

“மொதல்ல சீட்டு” என்றார் சமத்.

“வலது கைப்பிடி ஆடுது. முதுகுப்பக்கம் ஸ்பாஞ்ச் உள்ள போயிருக்கு.”

“நெனைச்சேன். இப்பல்லாம் மட்ட ரகம் வெக்கிறானுங்க. ம், ஆரம்பி.”

“இடைவேளைக்கு அப்புறம், அவன் கம்பெனி முதலாளியத் தேடி ஹைதராபாத் போறான். அம்மா ஃபோட்டோவுக்கு மாலை போட்டுட்டு…”

“இரு. எந்த அம்மா?”

“அவன் அம்மா. செத்துட்டாங்களே, பஸ்ல.”

சமத் டீ டம்ளரைக் கீழே வைத்தார். “மாஸ்டர் சொன்னதுல சாவலியே. பஸ்ல வந்துகினு இருக்கா.”

“அப்போ அவன் எதுக்கு எல்லாரையும் அடிக்கிறானாம்?”

“அந்த வண்டியில பிரேக் சரியில்ல. தெரிஞ்சும் ஓட்டுறானுங்க. அம்மா அதுல ஏறிட்டா. அத்த எப்படியாவது நிறுத்தணும். அதுக்குத்தான் அடிக்கிறான். இடைவேளை வுட்றப்ப வண்டி திண்டிவனத்தாண்ட வருது.”

ஜொவிட்டா படத்தை மனதுக்குள் திருப்பி ஓட்டிப் பார்த்தாள். ஒவ்வொரு சண்டையும் பொருந்தியது. கிரேன் காட்சிகூடப் பொருந்தியது. படத்தைத் தாங்கிய ஒரே தூணை அப்பா உருவிவிட்டு, மேலே எதுவும் விழாதபடி முட்டுக்கொடுத்திருந்தார்.

“உங்களுக்குத் தெரியுமா மாமா? அவர் மாத்திச் சொல்றார்னு?”

“ஏம்மா, எம்மாம் படம் பாத்தவன் நானு. ஆரம்பத்துலயே ஊறுகா எடுத்துகினு பஸ் ஏறுற அம்மா எறங்க மாட்டா. இது தெரியாதா?” சமத் மேல்வீட்டுப் பக்கம் முகத்தைத் திருப்பினார். “மர்சலின் போனதுலருந்து மாஸ்டர் கதையில ஒரு அம்மாவும் சாவல. கேன்சர் வந்தவ பொழைச்சுக்குவா. குண்டு பட்டவ தையல் போட்டுகினு வூட்டுக்கு வந்துடுவா. நானும் கேட்டுக்கல.”

உள்ளே சிம்ரா பாத்திரம் தேய்க்கும் சத்தம் நின்றிருந்தது.

“நீ பார்த்ததையே சொல்றதுன்னாலும் சொல்லும்மா” என்றார் சமத். “ஆனா அந்தப் பொம்பள பஸ்லயே உக்காந்துகினு கீறா. மாஸ்டர் ஏத்தி உட்டது.”

ஜொவிட்டாவுக்குத் தெரிந்த முடிவு அந்த பஸ்ஸுக்கு உதவாது. அப்பா வைத்திருந்த முடிவு என்னவென்று கேட்க இனி வழியில்லை.

“பையன் ஃபோன் பண்ணிட்டான்” என்றாள். “திண்டிவனத்துல வண்டிய ஓரங்கட்டிட்டாங்க. மெக்கானிக் வந்து பிரேக்க கழட்டிப் பார்த்தான். லைனிங் தேஞ்சு போயிருந்தது. புதுசு மாத்தினாங்க. ஆளில்லாம ரெண்டு தடவ ஓட்டி, மிதிச்சுப் பார்த்தாங்க. பிடிக்குது.”

“நீ பார்த்தியா?”

“நானே பார்த்தேன் மாமா.”

“அப்போ சரி.” சமத் நாற்காலியில் சாய்ந்தார். “அந்தம்மா?”

“ஜன்னலோரம் உக்காந்திருக்காங்க. பாட்டில் மடியில.”

“இப்ப எங்க வந்துகினு கீது?”

“மதுராந்தகம் தாண்டல. வண்டி மெதுவாத்தான் வருது.”

சமோசா ஆறிப்போயிருந்தது. சமத் ஒன்றை எடுத்துப் பிட்டு, பாதியை அவள் இருந்த பக்கமாக நீட்டினார். அவள் வாங்கிக்கொண்டாள். பஸ் நிலையத்தில் யாராவது போய் நின்று அந்த அம்மாவை இறக்கிக் கூட்டிவர வேண்டும்.