தங்கை தேறிய பரீட்சை

என் தங்கைக்கு எட்டு வயதாகியும் ஐந்து வரை எண்ணி எடுக்கத் தெரியாது. ஐந்து வரை சொல்லத் தெரியும், நூறு வரைகூடச் சொல்வாள். ஆனால் "அஞ்சு வாழைப்பழம் எடுத்துக்கிட்டு வா" என்றால் கைக்கு வந்ததை அள்ளிக்கொண்டு வருவாள். சொல்வது வேறு, தெரிவது வேறு என்று புரியாதவர்கள்தான் பினாங்கில் எங்கள் தமிழ்ப் பள்ளிக்கூடத்தை நடத்தினார்கள். எனக்கு அப்போது பன்னிரண்டு வயது. இப்போது தலை நரைத்துவிட்டது. கோபம் மட்டும் அப்படியே இருக்கிறது.

பார்க்க அவளிடம் ஒரு குறையும் தெரியாது. தலை பின்னிப் பொட்டு வைத்துவிட்டால் லட்சணமாக இருப்பாள். யாரோடும் சண்டைக்குப் போகமாட்டாள். கண் தெரியாத பிள்ளையை அடித்தால் கண் வந்துவிடும் என்று யாரும் சொல்வதில்லை. இவளுக்கு இருந்தது வெளியே தெரியாத குறை. அதனால் பாதிப் பேர் சோம்பேறி என்றார்கள், மீதிப் பேர் அழுத்தக்காரி என்றார்கள். இரு தரப்பும் எழுதிக் கொடுத்த மருந்து ஒன்றுதான், அடி.

விஷயத்தைக் கண்டுபிடித்தவர் ஒன்றாம் வகுப்பு டீச்சர் ஒருவர்தான். பாடத்தை ராகம் போட்டு ஒப்பித்தவளை நிறுத்தி, நடுவில் ஒரு சொல்லின்மேல் விரலை வைத்து, "இது என்னம்மா?" என்று கேட்டிருக்கிறார். அவளுக்குத் தெரியவில்லை. பிறகு ரம்புத்தான் பழக் கொட்டைகளைக் கழுவிக் காயவைத்து, ஒரு பால் டின்னில் போட்டுக்கொண்டு, தினமும் அவளைப் பக்கத்தில் உட்கார வைத்து எண்ணப் பழக்கினார். நேற்று வந்தது இன்று மறந்துபோகும். அவர் முகம் சுளிக்காமல் முதலிலிருந்து தொடங்குவார்.

அம்மாவை அழைத்து அவர் சொன்னது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. "புத்தி இல்லாத பிள்ளை இல்லக்கா. மெதுவா வர்ற பிள்ளை. அவசரப்படுத்தாம விட்டா, பாசார்ல சாமான் வாங்கிட்டு வர்ற அளவுக்காவது நான் கொண்டாந்துருவேன். ஒன்னாம் வகுப்புலயே என்கிட்ட இருக்கட்டும்."

அம்மா அழுதாள், பிறகு ஒத்துக்கொண்டாள். அந்த வருஷக் கடைசியில் தங்கை நாலு கொட்டைகளை எண்ணி என் உள்ளங்கையில் வைத்தாள். சரியாக நாலு. நான் அவளைத் தூக்கிச் சுற்றினேன்.

அப்புறம்தான் இன்ஸ்பெக்டர் வந்தார். வெள்ளைக்காரத் துரை, புத்தகத் தமிழ் பேசுவார். எங்கள் தலைமையாசிரியர் நன்றாக ஒப்பிக்கும் பிள்ளைகளைப் பொறுக்கி முன் வரிசையில் வைத்தார். குரல் நன்றாக இருந்ததால் என் தங்கையும் அதில் இருந்தாள். எல்லா வகுப்பும் ஒரே கூடத்தில்தான் நடக்கும் என்பதால் நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். நாலாம் வாய்ப்பாட்டை மணி அடித்த மாதிரி சொன்னாள். பாடப் புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு 'வாசித்தாள்'. பக்கத்தைத் திருப்ப வேண்டிய இடம்கூட அவளுக்கு மனப்பாடம்.

"இத்தனை கெட்டிக்காரப் பெண்ணை ஏன் ஒன்றாம் வகுப்பில் வைத்திருக்கிறீர்கள்?" என்றார் துரை.

தலைமையாசிரியர் தலையைச் சொறிந்தார். டீச்சர் பால் டின்னோடு முன்னால் வந்தார். "ஐயா, அது மனப்பாடம். நடுவுல ஒரு சொல்லைத் தொட்டுக் கேளுங்க. இல்ல, மூணு கொட்டை எடுக்கச் சொல்லுங்க."

துரை டின்னுக்குள் எட்டிப் பார்த்துச் சிரித்தார். "கொட்டை பொறுக்கவா குழந்தைகள் பள்ளிக்கு வருகிறார்கள்?"

கூடமே சிரித்தது. என் தங்கையும் சிரித்தாள். மூன்று கொட்டைகளை எடுக்கச் சொல்ல எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? அந்த நேரம்கூட அந்த மனிதரிடம் இல்லை. மூன்றாம் வகுப்பில் போடச் சொல்லிவிட்டு வண்டி ஏறிப் போய்விட்டார்.

துறைமுகத்தில் மூட்டை சுமந்த என் அப்பா அன்று அல்வா வாங்கி வந்தார். "தொரையே சொல்லிட்டாரு. அந்த டீச்சரம்மாவுக்கு என்னலா தெரியும்?" என்றார். நான் எதிர்த்துப் பேசினேன். கன்னத்தில் அறை விழுந்தது.

மூன்றாம் வகுப்பு தலைமையாசிரியரின் வகுப்பு. அங்கே மனக்கணக்கு உண்டு. ஏழு மாங்காயில் இரண்டைத் தின்றால் மீதி எத்தனை என்று கேட்டார். தங்கை பேசாமல் நின்றாள். "தொரை முன்னாடி மட்டும் வாய் தொறக்குமோ? திமிரு" என்று ரோத்தான் பிரம்பை எடுத்தார். முதல் அடி உள்ளங்கையில் விழுந்ததும் அவள் வாய்ப்பாடு சொல்லத் தொடங்கினாள். அதைச் சொன்னால்தானே எல்லோரும் மெச்சினார்கள். அவள் கேலி செய்கிறாள் என்று நினைத்து அந்த ஆள் இன்னும் அடித்தார். அவள் இன்னும் சத்தமாகச் சொன்னாள். நான் பெஞ்சியிலிருந்து எழுந்துபோய் அவளை இழுத்துக்கொண்டு வெளியே வந்தேன். கை வீங்கியிருந்தது. "சரியாத்தானக்கா சொன்னேன்?" என்று வழியெல்லாம் கேட்டுக்கொண்டே வந்தாள்.

அவளைத் தன் வகுப்புக்கே திருப்பி அனுப்பும்படி டீச்சர் கெஞ்சிப் பார்த்தார். இன்ஸ்பெக்டர் ஏற்றிய பிள்ளையை இறக்க முடியாது என்று தலைமையாசிரியர் கையை விரித்துவிட்டார். டீச்சர் வாயை மூடிக்கொள்ளவில்லை. அதற்காக அவரை ஆயர் ஈத்தாம் பக்கம் வேறு பள்ளிக்கூடத்துக்கு மாற்றிவிட்டார்கள். ரோத்தானைப் பார்த்தாலே பாவாடையை நனைத்துக்கொள்ளும் பிள்ளையை மறுபடி மூன்றாம் வகுப்புக்கு அனுப்ப அம்மாவுக்கு மனம் வரவில்லை. தங்கையின் படிப்பு அத்தோடு நின்றது.

சில மாதம் கழித்துக் கோயில் வாசலில் தலைமையாசிரியர் எங்களைப் பார்த்தார். தங்கை என் கையைப் பிடித்துக்கொண்டு பின்னால் ஒளிந்தாள்.

"என்னப்பா, தொரையே மெச்சுன மூளை. வீட்டுல வச்சுக் கெடுத்துட்டியே" என்றார் அப்பாவிடம்.

அப்பா தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு, அந்த ஆளிடம் மன்னிப்புக் கேட்டார்.