சுவரில் ஓடிய இங்கிலீஷ் படம்

கவரைப்பேட்டை ஸ்டேஷனுக்கு எதிரே வடைக் கடை போட்டிருந்தவர் குட்டையான மனிதர். மூக்குக் கண்ணாடியில் எப்போதும் எண்ணெய்ப் பிசுக்கு. பொட்டலம் கட்ட எடைக்கு வாங்கும் பழைய பேப்பரில் இங்கிலீஷ் பட விளம்பரத்தைக் கண்டால், பிளேடால் வெட்டிச் சுவரில் ஒட்டிவிடுவார். தொப்பியைச் சாய்த்த நாயகர்களும் சுருள்முடி நாயகிகளுமாகச் சுவரே தெரியாது.

எழுபதுகளில் ஒரு சனிக்கிழமை. காலையில் டியூஷனுக்குப் போன என் பதினான்கு வயது மகள் மதியமாகியும் வீடு திரும்பவில்லை. தேடி ஓடிவந்து அவரிடம் கேட்டேன்.

"இங்கதான் சார் நின்னுக்கினு இருந்துச்சு. இந்தப் படம் எங்க ஓடுதுன்னு கேட்டுச்சு. மவுண்ட் ரோடுன்னு போட்டுக்கீதேன்னேன். அப்பால மெட்ராஸ் வண்டி வந்துச்சு…"

"யோவ், அது எந்தக் காலத்துப் பேப்பர்?"

அவர் முகம் வெளுத்தது. "ரொம்பப் பழசு சார். பாப்பாகிட்ட சொல்லாம உட்டுட்டேன்."

அடுப்பை அணைத்துவிட்டு என்னோடு ரயிலேறினார். வழியெல்லாம் நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

விளம்பரத்தில் போட்டிருந்த மவுண்ட் ரோடு தியேட்டரில் வேறு ஏதோ படம் ஓடிக்கொண்டிருந்தது. வாசலில், திரும்ப வழி தெரியாமல் மகள் அழுதுகொண்டு நின்றாள். ஓடிப்போய் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். அவர் அவளருகே குனிந்தார். மன்னிப்புக் கேட்கப்போகிறார் என்று நினைத்தேன்.

"உள்ள போனியாம்மா?" என்றார் மெதுவாக. "உள்ள எப்பிடி இருக்குது?"

அத்தனை படங்களை ஒட்டியவர் ஒன்றைக்கூடப் பார்த்ததில்லை என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. ரயிலில் நான் சேர்த்துவைத்த வசவுகளில் ஒன்றுகூட வாயில் வரவில்லை.